வயபிள் என்ற சொல்லுக்கு நான் சொன்ன அர்த்தம்

வயபிள் என்ற ஆங்கிலச் சொல்லை முதலில் நான் விதைகளை வைத்துத்தான் கற்றுக்கொண்டேன். கேரள விவசாயத் துறையில் வேலைக்குச் சேர்ந்த புதிதில் எங்களைப் பயிற்சிக்கு அனுப்பினார்கள். ஈரத் தாளில் நெல்மணிகளை வரிசையாக அடுக்கிச் சுருட்டி வைக்க வேண்டும். சில நாள் கழித்துப் பிரித்து, முளைத்தது எது, முளைக்காதது எது என்று எண்ண வேண்டும். முளைக்காததையெல்லாம் செத்தது என்று நான் ஒதுக்கி வைத்தேன். பயிற்சி கொடுத்த அம்மா அதைத் திரும்ப என் பக்கம் தள்ளிவிட்டார். "இதில் உறங்குன்னதும் உண்டாகும்" என்றார் மலையாளத்தில். உறங்குகிற விதைக்கும் செத்த விதைக்கும் வித்தியாசம் கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. விதையை நெடுக வெட்டி ஒரு மருந்துக் கரைசலில் போட்டால், உயிருள்ள கரு சிவந்துவிடும். சிவந்தால் வயபிள். வெளுத்தே கிடந்தால் இல்லை.

அதற்குத் தமிழில் என்ன சொல்வது என்று அகராதியில் பார்த்தேன். சாத்தியமான, நடைமுறைக்கு உகந்த, உயிர்வாழத்தக்க என்றெல்லாம் போட்டிருந்தது. இதில் ஒன்றையும் வயல் வரப்பில் நின்றுகொண்டு சொல்ல முடியாது. நான் பிறந்தது கிழக்குப் பாலக்காட்டில், தென்னையும் நிலக்கடலையும் வைத்திருக்கும் ஒரு விவசாயக் குடும்பத்தில். எங்கள் பக்கம் "ஏனுங்க, இந்த வெதை தேறுமுங்களா?" என்றுதான் கேட்பார்கள். தேறும், இல்லாவிட்டால் தேறாது. காய்ச்சலில் கிடக்கிறவருக்கும் அதுதான், வாடிப்போன கன்றுக்கும் அதுதான், பரீட்சை எழுதப் போகிற பையனுக்கும் அதுதான்.

அலுவலகத்துக்குள் போனால் அந்தச் சொல்லுக்கு வேறு முகம். அங்கே விதையைவிடத் திட்டங்களுக்குத்தான் அது அதிகம் பயன்பட்டது. ஆட்கள் குறைந்த வழித்தடத்தில் பஸ்ஸை நிறுத்தினால் அது வயபிள் இல்லாத ரூட். கோழிப்பண்ணை வைக்க மனு கொடுத்தவரின் காகிதத்தில் ஓரமாக அதே சொல்லை எழுதிக் கேள்விக்குறி போட்டு அனுப்புவார்கள். ஒரு சொல்லே உயிர் இருக்கிறதா என்றும் கேட்கிறது, கட்டுப்படி ஆகுமா என்றும் கேட்கிறது. இரண்டும் ஒன்றா என்று அப்போது எனக்குத் தோன்றியதில்லை.

என் கல்யாணப் பேச்சிலும் அது வந்தது. எனக்கு முதல் வேலை இடுக்கியில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய சக்குபள்ளத்தில். சுற்றிலும் ஏலத்தோட்டம். அங்கே ஏலக்காய் தரம் பிரிக்கும் ஸ்டோர் ஒன்றில் பிற்பாடு என் மனைவியானவள் வேலை பார்த்தாள். சொந்த ஊர் மூணாறுக்குப் பக்கத்தில் பள்ளிவாசல் என்ற ஊர். அப்பாவும் அம்மாவும் தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்தவர்கள், அப்பா இறந்துவிட்டார். சக்குபள்ளத்தில் கட்டிக்கொடுத்திருந்த அக்கா வீட்டில் தங்கியிருந்தாள். காலையில் நாங்கள் இரண்டு பேரும் ஒரே பஸ்ஸில் வருவோம். ஒரு வருஷம் பஸ்ஸில் பார்த்து, அடுத்த வருஷம் பேசி, அதற்கடுத்த வருஷம் நான் ஊருக்குப் போய் வீட்டில் சொன்னேன். கோயம்புத்தூரில் ஆபீஸ் வேலை பார்த்து ஓய்வு பெற்ற என் மாமா ஒருவர் நெற்றியைத் தடவிக்கொண்டு, "ஏஞ்சாமி, அவிய பேசறதே நமக்குப் புரியாது. இது வயபிளா வருமா?" என்றார். அம்மாதான் முடித்து வைத்தாள். "அவன் புடிச்சா புடிச்சதுதானுங். ஒத்து வரும், உடுங்க" என்றாள்.

ஒத்துத்தான் வந்தது. ஏலத்தோட்டத்தின் பின்னால் தகரக் கூரை போட்ட ஒரு வாடகை வீட்டில் குடியிருந்தோம். நான் ஊடு என்பேன், அவள் வீடு என்பாள். நான் செரி என்றால் சிரிப்பாள். அவள் ஸ்டோரிலிருந்து வரும்போது தலைமுடியிலும் துணியிலும் ஏலக்காய் மணம் வரும். துவைத்தாலும் போகாது. கல்யாணமாகி நான்காம் வருஷம் அவளுக்கு நாள் தள்ளியது. இரண்டு மாதம் கடந்ததும் பக்கத்து டவுனில் ஒரு மருத்துவமனைக்கு ஸ்கேன் எடுக்கப் போனோம். ஒரு வியாழக்கிழமை.

திரைக்குப் பின்னால் அவள் வயிற்றில் தடவிய பசையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். டாக்டர் அம்மா கை கழுவிவிட்டு மேசைக்கு வந்து உட்கார்ந்தார். எனக்கு எங்கே வேலை என்று கேட்டார். சொன்னேன். படித்தவன், புரிந்துகொள்வான் என்று நினைத்திருக்க வேண்டும். குரலைத் தாழ்த்தி, நாள் கணக்குக்கு ஏற்ற வளர்ச்சி இல்லை என்று சொல்லிவிட்டு, "வயபிள் ஆணென்னு தோணுன்னில்ல" என்றார், வயபிளாகத் தோன்றவில்லை என்று. எதற்கும் ஒரு வாரம் கழித்து இன்னொரு தடவை பார்த்து உறுதிப்படுத்திக்கொள்ளலாம், மனைவியிடம் நீங்களே பக்குவமாகச் சொல்லுங்கள் என்றார். அதற்குள் அவள் துப்பட்டாவைச் சரிசெய்தபடி வெளியே வந்துவிட்டாள். வெளியே இன்னும் நிறையப் பேர் காத்திருந்தார்கள்.

டாக்டர் கடைசியாகச் சொன்னது மட்டும் திரைக்குப் பின்னால் அவள் காதில் விழுந்திருந்தது. வராந்தாவில் நடக்கும்போது கேட்டாள். அவளுக்கு மலையாளம் என்னைவிட நன்றாகத் தெரியும். தெரியாதது அந்த ஒரு சொல்தான்.

"டாக்டரம்மா ஏதோ தோணலேன்னாங்களே. வயபிள்னா என்னங்க?"

எனக்கு அந்தச் சொல் நன்றாகத் தெரியும். எத்தனையோ பேருக்கு வரப்பில் நின்று அதை மொழிபெயர்த்திருக்கிறேன். தேறும், தேறாது. வாயைத் திறந்தேன். அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நெற்றிப்பொட்டு வேர்வையில் சற்றே நகர்ந்திருந்தது.

"தெளிவாத் தெரியறதுன்னு அர்த்தம் புள்ள. படம் தெளிவாத் தெரியலையாம். அதுக்குத்தான் அடுத்த வாரம் வரச் சொல்றாங்க."

பொய் சொல்ல வேண்டும் என்று யோசித்துச் சொன்னதல்ல. ஏதோ ஒன்று சொல்ல வேண்டியிருந்தது, அது வந்தது. அவள் உடனே நம்பிவிட்டாள். காரணமும் அவளே கண்டுபிடித்தாள்.

"நான் தண்ணி குடிக்காம வந்துட்டேன்ல, அதான். நெறைய தண்ணி குடிச்சிட்டு வரணும்னு அக்கா சொல்லுச்சு. நான்தான் பஸ்ல கஷ்டமா இருக்கும்னு குடிக்கல."

"ஆமா, அதுதான் இருக்கும்" என்றேன். ரிப்போர்ட்டை மடித்து என் ஆபீஸ் பையில் வைத்துக்கொண்டேன்.

அன்று சாயங்காலமே சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். சாயங்காலம் அவள் கூரையின் இரும்புக் குழாயைத் தட்டிப் பார்த்து, இது தொட்டில் கட்டத் தாங்குமா என்று கேட்டாள். மறுநாள் சொல்லலாம் என்று இருந்தேன். மறுநாள் அவள் பிள்ளையை எந்தப் பள்ளிக்கூடத்தில் சேர்ப்பது என்பதில் இருந்தாள். தமிழிலா மலையாளத்திலா என்று அவளே கேட்டு, அவளே இரண்டு பக்கமும் வாதாடினாள். "எதுல படிச்சாலும் வீடுன்னுதான் சொல்லும். ஊடுன்னு சொல்ல விடமாட்டேன்" என்றாள். நான் சிரித்தேன். உண்மையாகவே சிரிப்பு வந்தது. அதுதான் எனக்கு இன்றுவரை விளங்காதது. பையில் அந்தக் காகிதம் இருக்க, சோற்றுத் தட்டோடு உட்கார்ந்து அவளோடு சேர்ந்து நானும் பெயர் யோசித்தேன். ஒரு பெயர் அவளுக்குப் பிடித்தது. இரண்டு மூன்று தடவை உரக்கச் சொல்லிப் பார்த்தாள்.

அந்த வெள்ளிக்கிழமை ராத்திரியே, மறையூர் போகலாமா என்றாள்.

சின்ன வயதில் அப்பா அவளை மறையூருக்குக் கூட்டிப்போய், கரும்புப் பாகு காய்ச்சும் கொட்டகையில் சுடச்சுட சர்க்கரை வாங்கிக் கொடுத்தாராம். நாங்கள் வெல்லம் என்பதை அங்கே சர்க்கரை என்பார்கள். அந்தச் சூட்டோடு தின்ன வேண்டும் என்று நாலு நாளாக நாக்கு கேட்கிறது என்றாள். "தூரம்னு தெரியும். வேண்டாம்னா வேண்டாம். சும்மா கேட்டேன்" என்றும் சேர்த்துக்கொண்டாள்.

சக்குபள்ளத்திலிருந்து மூணாறுக்கே அரை நாள் ஆகும். மறையூர் அதற்கும் அப்பால். வளைவும் குழியும் நிறைந்த மலைப்பாதை. நாள் தள்ளியதிலிருந்து கடைக்குப் போகிற ஆட்டோவைக்கூட மெதுவாகப் போகச் சொல்லி நச்சரித்தவன் நான். வேறு நேரமாக இருந்தால் பேச்சையே எடுக்க விட்டிருக்க மாட்டேன். அன்று, "செரி, போலாம்" என்றேன். அவள் நம்ப முடியாமல் பார்த்தாள்.

சனிக்கிழமை பள்ளிவாசலுக்குப் போய் அவள் அம்மா வீட்டில் தங்கினோம். தோட்டத் தொழிலாளர் லயத்தில் வரிசையாக இருக்கும் வீடுகளில் கடைசி வீடு. அத்தைக்குத் திருநெல்வேலிப் பேச்சு இன்னும் போகவில்லை. மறையூர் போகிறோம் என்றதும் கையிலிருந்த டம்ளரைக் கீழே வைத்தார்.

"என்ன மாப்ள இது. மூணு மாசம்கூட முடியல. இந்த ரோட்டுல இவளக் குலுக்கிக் கூட்டிட்டுப் போவீயளா? அவ கேட்டா நீங்களும் சரின்னுருவீயளா?"

"ஒண்ணும் ஆகாதுங்க அத்தை. டாக்டர்கிட்ட கேட்டுட்டேன்" என்றேன். அது இரண்டாவது பொய். முதல் பொய்யைப் போல இது தானாக வரவில்லை. யோசித்துச் சொன்னேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை மூணாறில் பஸ் ஏறினோம். அவளுக்கு ஜன்னலோர இடம் கிடைத்தது. தேயிலைச் சரிவுகள் முடிந்து பஸ் இறங்க ஆரம்பித்ததும் காற்று மாறியது. குளிர் விலகி, வெயில் சூடாக முகத்தில் அடித்தது. கம்பி வேலிக்குள் சந்தன மரங்கள் நின்றன. மூணாறில் போட்டிருந்த ஸ்வெட்டரைக் கழற்றி என் மடியில் வைத்தாள்.

"ஒண்ணு கவனிச்சீங்களா? மூணு நாளா எனக்குக் குமட்டலே இல்ல. இந்த ரோட்டுலகூட ஒண்ணும் செய்யல. உங்க பிள்ள அடங்கிருச்சு போல."

"நல்லதுதானே" என்றேன். வெளியே பார்த்தேன்.

மறையூரில் பஸ் ஸ்டாண்டிலிருந்து கொஞ்ச தூரம் நடந்தால் கரும்புத் தோட்டங்கள். ஓரமாக ஓலை வேய்ந்த ஒரு கொட்டகையில் பெரிய கொப்பரையில் பாகு கொதித்துக்கொண்டிருந்தது. பக்கத்தில் மரத் தொட்டியில் ஊற்றி ஆறியும் ஆறாமலும் இருந்த பாகை நாலைந்து பேர் கையால் உருண்டை பிடித்துக்கொண்டிருந்தார்கள். அவள் கூச்சமே இல்லாமல் போய்க் கேட்டாள். அங்கிருந்த ஒரு பெண் இவள் முகத்தைப் பார்த்ததும் என்ன விஷயம் என்று புரிந்துகொண்டு, ஒரு வாழையிலைத் துண்டில் சுடச்சுட எடுத்து வைத்தாள். சுக்கு வாசனையும் புகை வாசனையுமாக இருந்தது. ஊதி ஊதித் தின்றாள். விரலை நக்கினாள். எனக்குக் கொஞ்சம் ஊட்டிவிட்டாள். கன்னத்தில் ஒட்டியதைத் துடைக்கப் போனேன். தள்ளிப் போங்க, எல்லாரும் பாக்குறாங்க என்றாள். பிறகு ஒரு கரும்புக் கட்டின் மேல் உட்கார்ந்து காலை நீட்டிக்கொண்டு, "எனக்கு இப்ப ஒண்ணுமே வேண்டாம்போல இருக்கு" என்றாள்.

எனக்கும் அப்படித்தான் இருந்தது. நான் அறிந்தது ஒரு பக்கம் கிடக்க, அந்த வெயிலும் அவளும் ஒரு பக்கம் இருந்தார்கள். டாக்டருக்குத் தவறியிருக்கலாம், உறங்குகிற விதை என்று ஒன்று உண்டே என்றுகூட நினைத்தேன்.

வியாழக்கிழமை ஸ்கேனுக்குப் போனோம். இந்தத் தடவை அவள் இரண்டு பாட்டில் தண்ணீர் குடித்திருந்தாள். காத்திருக்கும்போது நெளிந்துகொண்டே, "இன்னைக்கு நல்லாத் தெரியணும், இல்லேன்னா நான் சும்மா விடமாட்டேன்" என்று சிரித்தாள். டாக்டர் அம்மா இம்முறை அவளிடமே நேராகப் பேசினார். மிடிப்பு இல்லை என்றார். மலையாளத்தில் மிடிப்பு என்றால் இதயத் துடிப்பு என்று அவளுக்கு நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை. மறுநாள் எல்லாம் முடிந்தது.

அத்தை பள்ளிவாசலிலிருந்து வந்து வீட்டில் தங்கினார். மகளைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். கஷாயம் வைத்தார், வெந்நீர் வைத்தார். மூன்றாம் நாள் அடுப்பைப் பார்த்தபடி சொன்னார்: "மறையூர்ல போய்த்தான் விட்டுட்டு வந்துருக்கீய." அதற்குப் பிறகு தினமும் ஏதாவது ஒரு வேளையில் அந்தப் பேச்சு வந்தது. என் அம்மா போனில் பேசும்போது, "பஸ்ஸுல போனீங்களாமே கண்ணு, ஒரு வார்த்தை எங்கிட்டக் கேக்கக் கூடாதா?" என்றாள். என்னைத் திட்டினால் திட்டட்டும், எனக்கு அது தேவைதான் என்று இருந்தேன்.

ஆனால் திட்டு என்னிடம் நிற்கவில்லை. மறையூரிலிருந்து வாங்கி வந்த சர்க்கரை உருண்டைகள் சமையலறை டப்பாவில் இருந்தன. ஒரு நாள் மத்தியானம் நான் ஆபீஸிலிருந்து சாப்பிட வந்தபோது அவள் டப்பாவோடு கொல்லையில் நின்று, உருண்டைகளை ஒவ்வொன்றாக ஓடையில் போட்டுக்கொண்டிருந்தாள். நான் போய் டப்பாவை வாங்கினேன்.

"என் நாக்குதாங்க காரணம்" என்றாள். "சின்னப் பிள்ளை மாதிரி அடம்பிடிச்சேன். நீங்க பாவம், நான் கேட்டேனேன்னு கூட்டிட்டுப் போனீங்க. அம்மா உங்களையும் வையுது."

அப்போதும் சும்மா இருந்திருந்தால் நான் மனிதனே இல்லை. சமையலறை வாசற்படியில் அவளை உட்கார வைத்தேன். உள்ளே அத்தை ஏதோ அரைக்கிற சத்தம் கேட்டது.

"மறையூருக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல. அதுக்கு முன்னாடியே போயிருச்சு."

"எப்படித் தெரியும்?"

"முதல் தடவையே டாக்டர் சொன்னாங்க. வயபிள்னா தெளிவாத் தெரியறதுன்னு அர்த்தமில்ல."

"பின்ன?"

"தேறும்னு அர்த்தம். தேறாதுபோலத் தோணுதுன்னு சொன்னாங்க."

அவள் என் பக்கம் திரும்பினாள்.

"அப்ப உங்களுக்கு அன்னைக்கே தெரியும்."

"தெரியும்."

"பேரு யோசிச்சோமே, அப்பவும் தெரியும்."

தலையாட்டினேன்.

"மறையூர் பஸ்ல ஏறும்போதும் தெரியும்." என் பதிலுக்கு அவள் நிற்கவில்லை. "அதான் கூட்டிட்டுப் போனீங்க. இனி எவ்வளவு குலுங்குனாலும் ஒண்ணுதானேன்னு."

இல்லை என்று சொல்லப் பார்த்தேன். ஆனால் அது அப்படித்தான். அவளைச் சந்தோஷப்படுத்தத்தான் கூட்டிப்போனேன் என்பதும் உண்மை. குலுங்கினாலும் இனி ஒன்றுமில்லை என்று மனம் கணக்குப் போட்டதும் உண்மை. அவள் எழுந்து உள்ளே போனாள். அத்தையிடம் அவள் சொன்னது எனக்குக் கேட்டது. "அம்மா, மறையூர் காரணமில்ல. அது முன்னாடியே நின்னுபோச்சாம். இனிமே அந்தப் பேச்ச எடுக்காத." என்னைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. இரண்டு நாள் கழித்து அம்மாவோடு பள்ளிவாசலுக்குப் போய்விட்டாள்.

சண்டை போட்டுவிட்டுப் போயிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். துணியை மடித்து வைத்து, அரிசி எங்கே பருப்பு எங்கே என்று சொல்லிவிட்டுப் போனாள். தினமும் போன் செய்தால் எடுப்பாள். சாப்பிட்டீங்களா என்பாள். அதற்குமேல் பேச்சு நகராது. நாட்கள் வாரங்களாயின. வீட்டில் ஏலக்காய் மணம் குறைந்துகொண்டே வந்தது. கொடியில் அவள் விட்டுப்போன ஒரு பழைய துப்பட்டா இருந்தது. அதை நான் எடுக்கவில்லை. ஆபீஸில் ஒரு நாள் ஒரு பெரியவர் நாற்றுமேடையில் போட வைத்திருந்த ஏல விதையைக் கொண்டுவந்து காட்டி, எடுத்து ரொம்ப நாளாயிற்று, இது தேறுமா என்று கேட்டார். ஏல விதையை வைத்திருக்கக் கூடாது, எடுத்த கையோடு விதைத்துவிட வேண்டும் என்பது அங்கே எல்லாருக்கும் தெரிந்ததுதான். தேறாது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. போட்டுப் பாருங்கள் என்று அனுப்பிவிட்டேன்.

மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை பள்ளிவாசலுக்குப் போனேன். அவள் என்னை லயத்துக்கு மேலே இருக்கும் பாதைக்குக் கூட்டிப்போனாள். அங்கிருந்து பார்த்தால் மின்நிலையத்துக்குத் தண்ணீர் இறங்கும் பெரிய குழாய்கள் சரிவில் தெரியும். ஒரு பாறையில் உட்கார்ந்தோம்.

"நீங்க மறைச்சதுக்குக்கூட எனக்கு ரொம்பக் கோவமில்ல" என்றாள். "பயந்துட்டீங்க. எனக்குத் தெரியும் உங்கள. ஆனா ஒரு வாரம் நான் தனியாப் பேசிட்டு இருந்திருக்கேன். நீங்க பக்கத்துலதான் இருந்தீங்க, ஆனா இல்ல. நெனச்சா வெக்கமா இருக்கு. குமட்டல் நின்னுபோச்சுன்னு நான் சிரிச்சேன், நீங்க நல்லதுதானேன்னீங்க."

"எனக்குச் சொல்லத் தெரியல. அந்த வார்த்தைய எப்படிச் சொல்றதுன்னு தெரியல."

"என்ன பெரிய வார்த்தை. தேறாதுன்னு சொல்லிருக்கலாம். எங்க லயத்துலயும் அப்படித்தான் சொல்லுவோம். எனக்குத் தெரிஞ்ச வார்த்தைதானே. சேர்ந்து அழுதிருப்போம்."

நான் அழுதேன். அவள் அழவில்லை. அவள் முன்பே அழுது முடித்திருந்தாள். கொஞ்ச நேரம் என் முதுகில் கை வைத்திருந்தாள். அன்று என்னோடு வரவில்லை. அதற்கடுத்த வாரம், நான் ஆபீஸில் இருக்கும்போது போன் வந்தது. பஸ் ஸ்டாப்பில் நிற்கிறேன், சாவி உங்களிடம்தானே இருக்கிறது என்றாள்.

பிறகு எங்களுக்குக் குழந்தை இல்லை. கோயம்புத்தூர்வரை போய் டாக்டர்களைப் பார்த்தோம். எல்லாம் சரியாக இருக்கிறது என்றே எல்லாரும் சொன்னார்கள். சரியாக இருந்தும் வரவில்லை. சில வருஷங்களில் எனக்கு மாற்றல் வந்து எங்கள் ஊர்ப் பக்கமே வந்துவிட்டோம். இங்கே வெயில் அதிகம். முதல் கோடையில் அவள் மிகவும் சிரமப்பட்டாள். இப்போது பழகிவிட்டது. என் அம்மாவோடு ஒத்துப் போகிறாள். பஞ்சாயத்துப் பெண்கள் குழுவில் பொடி அரைத்துப் பாக்கெட் போடும் வேலை பார்க்கிறாள். வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு எங்கள் வாழ்க்கையில் குறை ஒன்றும் தெரியாது.

எனக்குள் ஒன்று உண்டு, அதை அவளிடம் சொன்னதில்லை. எனக்கு அந்த ஒரு வாரம் திரும்ப வேண்டும். ஒரு வியாழனிலிருந்து மறு வியாழன்வரை. அவள் நம்பியிருந்த நாட்கள், நம்பாத நான் அவள் பக்கத்திலேயே உட்கார்ந்து நம்புகிறவனைப் போல வாழ்ந்த நாட்கள். பள்ளிக்கூடம் யோசித்ததும், பெயரை உரக்கச் சொல்லிப் பார்த்ததும், மறையூர் வெயிலில் கரும்புக் கட்டின் மேல் அவள் கால் நீட்டி உட்கார்ந்ததும் எல்லாம் அதற்குள்தான் இருக்கின்றன. எங்களுக்குப் பிள்ளை இருந்த காலம் என்று நான் நினைக்கும்போது மனம் போய் நிற்பது அங்கேதான், அதற்கு முந்தைய இரண்டு மாதத்தில் இல்லை. பொய்யின் மேல் நின்ற ஒரு வாரத்துக்கு ஏங்குவது சரியா என்று தெரியவில்லை. அந்த ஏக்கத்தைக் கேட்டால் அவளுக்கு மறுபடி வலிக்குமே என்றுதான் சொல்லாமல் இருக்கிறேன். இதுவும் மறைப்புத்தான்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, தோப்பில் விழுந்த மட்டைகளை இருவருமாக இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தோம். அவள் நிமிர்ந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டு, எந்த முன்பேச்சும் இல்லாமல் கேட்டாள்.

"அந்த வாரம் நீங்க தூங்குனீங்களா?"

எந்த வாரம் என்று நான் கேட்கவில்லை.

"இல்ல."

"நான் நல்லாத் தூங்குனேன்" என்றாள். "அதுக்கு முன்னாடியும் அப்படித் தூங்குனதில்ல, அதுக்கப்புறமும் இல்ல."

அது என் மேல் குறையா, வேறு ஏதாவதா என்று அவள் முகத்தைப் பார்த்தேன். அவள் தோப்பின் அந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். ஏதாவது சொல்ல வேண்டும் என்று தோன்றியது. சொல்லத் தொடங்குவதற்குள், உங்க பக்கத்து மட்டை பெரிசு, ஒத்தையா இழுக்காதீங்க, நானும் வர்றேன் என்று சொல்லிக்கொண்டு என்னை நோக்கி நடந்து வந்தாள்.